கீழே போய் வருவது

ஏற்காட்டில் 'கீழே' என்றால் சேலம். கீழே போயிருக்கிறார், கீழேயிருந்து சரக்கு வரவில்லை, கீழே வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய், "கீழ கொண்டுபோயிட்டாங்க" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். என் கணவரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். நெஞ்சு வலி. ஆம்புலன்ஸில் அவர் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டு போனேன். அவர் உயிரோடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நான் கீழே போகவில்லை. பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினால் வியர்த்துக் கொட்டும், கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. மிளகு, காபித்தூள், தைலம் விற்கிறேன். சரக்கைக் கடைக்கே வரவழைத்துக்கொண்டேன். மகளுக்குச் சேலத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது கல்யாணத்தையே மேலே சர்ச்சில் வைத்து, சம்பந்தி வீட்டாரை மலையேற வைத்தேன். பாதிப் பேர் வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தார்கள். "மலையில வெச்சா போட்டோ நல்லா வருமுங்க" என்று சமாளித்தேன்.

பிறகு மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அறையைக்கூட வெள்ளையடித்து வைத்தேன். அவளுக்கோ பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. மலைப் பயணமே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

"நீதான் வரணும்மா. வலி வர்றப்ப நீ பக்கத்துல இருக்கோணும்" என்றாள் போனில்.

"வரேன் சாமி" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். எப்படிப் போவேன்?

அவளே ஆளும் பிடித்துக் கொடுத்தாள். சென்னையில் ஒரு மனநல ஆலோசகர், சின்னப் பெண். வீடியோ காலில் வந்தாள். பயத்துக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை, ஆழ்மனதுக்குப் படம்தான் புரியும், படத்தை மாற்றினால் பயமும் மாறும் என்றாள். டிவி ரிப்பேருக்கு வந்தவள் மாதிரிப் பேசுகிறாளே என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"உங்க முன்னாடி ஒரு படிக்கட்டு இருக்கு. மெதுவா கீழே இறங்குங்க. இறங்க இறங்க மனசு அமைதியாகுது. இன்னும் கீழே... இன்னும் கீழே..."

கடற்கரை ஊர்க்காரிக்குக் கீழே என்றால் அமைதியாக இருக்கலாம். எனக்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ். என் கோபம் எப்போதும் எனக்கு ஒரு அடி முன்னால் நடக்கும். "ஏனுங்க மேடம், நான் எதுக்கு நடுங்கறனோ அதையே செய்யச் சொன்னா எப்படிங்க?" என்று கத்திவிட்டேன்.

பாவம், அவள் மிரண்டுபோனாள். "சரிம்மா, அப்போ மேலே போகலாமா?" என்றாள்.

"மேல போறதுக்கு எனக்கு இன்னும் நாளிருக்குதுங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அவள் வேறு விதமாகக் கேட்டாள். "யோசிக்காம சொல்லுங்க. உங்க ஊர்லேருந்து பயமில்லாம கீழே போயிட்டு வர்றது எது?"

"காலி கேஸ் சிலிண்டருங்க."

அருவி, பறவை என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பாள். நானும்தான். ஆனால் மனதில் வந்தது அதுதான்: லாரியில் நெருக்கியடித்து நிற்கும் சிவப்பு சிலிண்டர்கள், வளைவுக்கு வளைவு ஒன்றோடொன்று இடித்து டங் டங்கென்று சத்தம் போட்டுக்கொண்டு இறங்குகின்றன. காலியாகப் போகும், நிரம்பி வரும். அவற்றுக்குப் பள்ளம் தெரியாது, பக்கத்துச் சிலிண்டர்தான் தெரியும்.

"அப்போ நீங்க ஒரு சிலிண்டர்" என்றாள். என் உடம்பு வாகைப் பார்த்துச் சொல்கிறாளோ என்று சந்தேகம் வந்தது.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் கண்ணை மூடிக்கொண்டு லாரியில் நின்றேன். முதலில் வெட்கமாக இருந்தது. போகப்போக ஒன்று புரிந்தது. நான் பயந்தது பள்ளத்துக்கு அல்ல. கீழே போனது திரும்பாது என்று ஆம்புலன்ஸில் போன அன்றைக்கு மனம் முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகும் என் கடை வாசலில் பஸ்ஸும் ஜீப்பும் தினமும் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்குத் தெரிந்தது உள்ளே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மாப்பிள்ளை போன் செய்த காலையில் கடையைப் பூட்டினேன். பஸ்ஸில் ஏறினேன். பாதி வழிவரை நான் நல்ல சிலிண்டராகத்தான் இருந்தேன். எதிரே ஒரு வண்டி வந்து, எங்கள் பஸ் பள்ளத்து ஓரமாக ஒதுங்கியது. மனதிலிருந்த சிலிண்டர் படம் போன இடம் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த, மஞ்சக்குட்டை கிராமத்து அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, சீல கிழிஞ்சுருமுங்க" என்றார் அவர்.

"புதுசு வாங்கித் தரேனுங்க, இப்ப உடச் சொல்லாதீங்க" என்றேன். அடிவாரம் வரும்வரை அவர் முந்தானையை என் கையிலேயே விட்டுவைத்தார். நன்றியில் அவரிடம் சிலிண்டர் கதையைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலி தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவள் மாமியார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. நான் வாசலில் நின்று சிரித்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்ள முடியாவிட்டாலும் முகமாவது மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்க அழுதாள்.

"நீ வரமாட்டேன்னே நெனச்சேம்மா. தெனமும் கண்ண மூடி, நீ இல்லாம வலி வர்றாப்பல, நீ இல்லாம கொழந்தைய கையில வாங்கறாப்பல நெனச்சு நெனச்சுப் பழகிட்டேன்."

கண்ணை மூடிப் படம் பார்க்கும் அந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மாமியார் எழுந்து, "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று எனக்கு இடம் விட்டார். மகளின் கை மட்டும் அவர் கையை விடவில்லை. நான் கட்டிலைச் சுற்றிப் போய், மறுபக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன்.