கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

திருத்தணிக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் ஓடும் கஜபதியின் மினி பஸ்ஸில் பூபாலன் பதினான்கு வருடமாகக் கண்டக்டர். வண்டி எந்தத் திருப்பத்தில் எப்படிச் சாய்ந்தாலும் கம்பியைத் தொடமாட்டான். கூட்டத்துக்கு நடுவே நட்டு வைத்தது போல நின்று டிக்கெட் கிழிப்பான். அதில் அவன் அக்கா பிரேமாவுக்கு அத்தனை பெருமை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஆனால் காஸ் மாற்றிய நாள், கரண்ட் போன நேரம் என்று எதையும் காலண்டரில் குறித்து வைக்காமல் விடமாட்டாள்.

நாற்பத்திரண்டு வயதில் பூபாலன் தள்ளாட ஆரம்பித்தான். முதலில் விரல்கள் மரத்துப்போய்ச் சொன்னபடி கேட்கவில்லை; ஒரு டிக்கெட்டைக் கிழித்தால் இரண்டாக வந்தது. பிறகு கால்கள். ஒருநாள் காலை, தினமும் அந்த பஸ்ஸில் வரும் பக்தவச்சலம் வாத்தியாரின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டான்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியாப்பா?" என்றார் வாத்தியார். பஸ்ஸே சிரித்தது. பூபாலன் வாழ்நாளில் குடித்ததில்லை.

கஜபதி அவனைக் கூப்பிட்டுக் கண்டக்டர் பையை வாங்கிக்கொண்டார். "நீ குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா படியிலேர்ந்து விழுந்தீன்னா யார் பதில் சொல்றது? ஓடற வண்டியில நேரா நின்னு காட்டு. அன்னிக்கே பையைத் தர்றேன்."

மருந்துக்கடையில் கேட்டுத் தலைசுற்றல் மாத்திரை வாங்கித் தின்றான். ஒரு மாதமாகியும் பலனில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு அக்காவும் தம்பியும் திருத்தணி மலைக்குப் போனார்கள். கற்பூரம் காட்டியதும் பூபாலன் கண்ணை மூடிக் கைகளைத் தலைக்குமேல் குவித்தான். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அப்படியே அக்காவின் தோளில் சாய்ந்தான்.

"சாமி வந்துட்ச்சி," என்று யாரோ சொல்ல, அரோகரா எழுந்தது. ஓர் அம்மா அவன் நெற்றி நிறைய விபூதி பூசி, "எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் கூடும், சாமி?" என்று கேட்டாள்.

பூபாலன் கண்ணைத் திறந்து நேராக நிமிர்ந்தான். "எனக்கு எப்படிம்மா தெரியும்? பஸ் டைம் கேளு, சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரேமா சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்ததும் இவன் எப்படி நேராக நின்றான் என்பதிலேயே அவள் மனம் நின்றது. வீட்டுக்கு வந்து காலண்டர் தாள்களைப் புரட்டினாள். ஜூன் ஏழு, முகத்துக்குச் சோப்பு போடும்போது விழுந்தான். ஜூன் பதினாறு, கரண்ட் போனபோது. ஜூலை இரண்டு, சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நேரம்.

அந்தத் தாள்களோடு தம்பியைச் சென்னைக்கு அழைத்துப்போனாள். நரம்பு டாக்டரம்மா ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுக் கேட்டார்: "ரூம் சுத்துதா, இல்ல நீங்க தடுமாறுறீங்களா?"

"சுத்தலைங்க. கீழ தரை இருக்குதான்னே காலுக்குத் தெரியலைங்க."

பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றான். கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தவனை அவரே பிடித்துக்கொண்டார்.

"நேரா நிக்கணும்னா கண்ணு, உள்காது, பாதம் மூணும் மூளைக்குச் சேதி அனுப்பணும். உங்க பாதத்துலேர்ந்து வர்ற சேதி நடுவழியில தடைப்படுது. அதைக் கண்ணு இவ்வளவு நாளா சமாளிச்சிருக்கு. மூடினா ஆதாரமே போயிடுது. இது காதுக் கோளாறு இல்லை."

ஸ்கேனில் தெரிந்தது. கழுத்தில் தேய்ந்த டிஸ்க் ஒன்று பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. விரல் மரத்ததும் அதனால்தான்.

"இன்னும் மோசமாகாம தடுக்கத்தான் ஆபரேஷன். போனதுல எவ்வளவு திரும்பி வரும்னு இப்பவே சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

"கழுத்துல கத்தியாக்கா?" என்றான் பூபாலன்.

"பை தொங்கணும்னா கழுத்து நல்லா இருக்கணும்டா," என்றாள் பிரேமா. அவன் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் முடிந்து, டாக்டர் அனுமதித்த பிறகு பயிற்சி தொடங்கியது. கூடத்து டைல்ஸ் கோட்டின்மேல் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்க வேண்டும். முதல் நாள் மூன்று அடி. பிரேமா குறித்தாள். பத்தாம் நாள் ஒன்பது. நடுவில் ஒரு வாரம் ஓரடிகூடக் கூடவில்லை, அதையும் குறித்தாள். பங்குனியில் எண்பது அடி. சுவர் மூலையில் கண்ணை மூடி அரை நிமிடம் அசையாமல் நின்றான். விரல் நுனியில் மரப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

அடுத்த திங்கட்கிழமை கஜபதி டிக்கெட் கட்டை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டு, பையோடு கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் நாகராஜனுக்குக் கண்ஜாடை காட்டியிருந்தார் போலும். ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி வழக்கத்தைவிட வேகமாகத் திரும்பியது. நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்தார்கள். முன்சீட்டில் பிரேமா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பூபாலன் முழங்காலை லேசாக மடக்கினான். கை இரண்டும் டிக்கெட் கட்டின்மேல்தான். அசையவில்லை.

பக்தவச்சலம் வாத்தியார்தான் சரிந்துவந்து அவன் நெஞ்சில் மோதினார். பூபாலன் அவரைத் தாங்கி நிமிர்த்தினான்.

"இன்னா சார், காலங்காத்தாலயேவா?"

பஸ் மறுபடி சிரித்தது. வாத்தியார்தான் அதிகம் சிரித்தார். கஜபதி எழுந்துவந்து பையை அவன் தோளில் மாட்டினார்.

"ரைட், போலாம்," என்றான் பூபாலன்.