கண் ஊசிக்கு நடுங்கிய எனக்குக் கர்த்தர் தந்த வாய்

கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைத்தான் பார்த்தேன், பிரியமானவர்களே.

பூதலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை. கண்தான் எனக்குச் சோறு. போன குறுவை நடவு சமயத்தில் நேரான கம்பியெல்லாம் வலது கண்ணுக்கு நெளிந்து தெரிய ஆரம்பித்தது. சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, மாதம் ஒரு ஊசி போட வேண்டும் என்று தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

முதல் ஊசியை எப்படியோ போட்டுக்கொண்டேன். முகத்தை மூடிய துணிக்குள் மூச்சு முட்டியது. அடுத்து என்ன செய்யப் போகிறார்களோ என்று உடம்பு விறைத்துப்போனது. வீட்டுக்கு வந்த பிறகு, கண்ணில் மிளகாய்ப்பொடி கொட்டியது போல் எரிச்சல். “செத்தாலும் இனிமே போக மாட்டேன்” என்று மனைவி ரோசியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. சம்பா நடவு வந்தபோது பார்வையின் நடுவில் புகைபோல ஒரு கறை வந்து நின்றது. ஆராதனையில் இடது கண்ணை மூடிப் பார்த்தேன். போதகர் முகமே இல்லை. ஊசி ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம். கடையைச் சாத்திவிட்டு உள்ளே முழங்காலில் விழுந்து அழுதேன்.

ரோசி என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள். “ஊசியே வேணாம்னு கேக்காதீங்க. உங்க கஷ்டத்தை டாக்டர்கிட்ட சொல்றதுக்கு வாயைக் குடுங்கன்னு கேளுங்க. அங்க போனா சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துடுறீங்க” என்றாள். அப்படியே ஜெபித்தோம்.

மறுவாரம் போனோம். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் தலையாட்டத்தான் போனேன். என்னை அறியாமல் வாய் திறந்தது.

“டாக்டர், எனக்கு ரொம்ப பயமா இருக்கு. போன தடவை எரிச்சல் தாங்க முடியல. துணிக்குள்ள மூச்சும் முட்டுச்சு.” சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “அந்த எரிச்சல் ஊசியால வந்திருக்காதுங்க. கிருமி வராம இருக்க ஊத்துற மருந்து சில பேருக்கு அப்படி எரியும். அது கட்டாயம் வேணும். ஆனா முடிஞ்சதும் நல்லா கழுவி விட்டுடலாம். பயப்படாதீங்க” என்றார்.

அன்று சொட்டு மருந்து விட்டு, கண் நன்றாக மரத்த பிறகே உள்ளே அழைத்தார்கள். காற்று வர, துணியை மூக்கருகே தூக்கிவைத்தார்கள். ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப இமையில கிளிப் வைக்கிறாங்க. மேல பாருங்கய்யா. லேசா அழுத்துற மாதிரி இருக்கும்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இயேசப்பா, இயேசப்பா என்று மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன்.

“முடிஞ்சிருச்சுங்கய்யா.”

“போட்டாச்சா?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கண்ணைக் கழுவிவிட்டார்கள். லேசான உறுத்தல் மட்டும்தான். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ரோசியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். எத்தனையோ மாதமாக வராத தூக்கம்.

அதன்பிறகு ஒரு ஊசியையும் நான் தவறவிடவில்லை. முழுப் பார்வை இன்னும் வரவில்லை. ஆனால் கறை மெலிந்திருக்கிறது, கடை திறந்திருக்கிறது. ஸ்தோத்திரம்.

பயத்தை மறைக்காதீர்கள். முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். எழுந்துபோய் டாக்டரிடமும் சொல்லுங்கள். அதற்கான வார்த்தையைக் கர்த்தரே தருவார். தனியாகப் போக நடுக்கமாக இருந்தால் என் கடைக்கு வாருங்கள். சேர்ந்து ஜெபித்துவிட்டு, நானும் உங்களோடு பஸ் ஏறுகிறேன்.