குரோமின் மேல் குங்குமம்

எங்கள் காரின் முன்பம்பரில் என் மனைவி சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இடுவாள். ஆயுத பூசையன்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவளுக்கோ நான் சாவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு நாளும் ஆயுத பூசை. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் வாங்கிய கார் அது; எங்கள் பேச்சில் காடி. பம்பர், கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் எல்லாம் குரோம் பூச்சு. பொட்டு வைத்த விரலைத் துடைக்காமலே, "பாத்துப் போய்ட்டு வாங்க" என்பாள். அந்தச் சொல் கேளாமல் நான் எங்கும் புறப்பட்டதில்லை.

இப்போது தோட்டம் செம்பனைக் காடாகிவிட்டது. நாங்களும் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அவளுடைய நினைவு சில காலமாகத் தேய்ந்து வருகிறது. முதலில் மகனின் பெயர் போயிற்று. பிறகு ரசத்தில் எதை முன்னால் போடுவது என்பது போயிற்று. பொட்டு மட்டும் போகவில்லை. காலையில் வைத்ததை மறந்து, சற்று நேரத்தில் சந்தனக் கிண்ணத்தோடு மீண்டும் வருவாள். நான் எங்கும் போவதாக இல்லாவிட்டாலும், "பாத்துப் போய்ட்டு வாங்க" என்பாள். சரி என்பேன். அவள் என்னை மறக்கும் நாள் ஒன்று வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் அந்தப் பொட்டை வைத்துக்கொண்டிருக்கும்வரை அந்த நாள் வரவில்லை என்று நான் எனக்கே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

கெடுதல் பம்பருக்குத்தான். ஈரச் சந்தனம் அப்பிக் கிடக்க, பிற்பகல் மழையும் சேர, குரோமில் மிளகளவு பழுப்புப் புள்ளிகள் தோன்றின. ஜெலாப்பாங்கில் லாரிகளின் குரோம் பாகங்களை மெருகேற்றும் பட்டறை நடத்துபவன் அவளுடைய தம்பி. அழைத்துக் காட்டினேன். குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"என்னா மச்சான், அக்கா காடிக்குச் சாமி கும்புடுதா, இல்ல காடியவே சாமிகிட்ட அனுப்பி வைக்குதா?"

"கேலியெல்லாம் அப்புறம். ஒரு வழி சொல்லு."

"குரோம் துருப்பிடிக்காது லா. அடியில இருக்கற இரும்புதான் பிடிக்கும். ஈரம் நின்னுச்சுனா, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா உள்ள எறங்கிரும். அன்னன்னைக்கே தொடைச்சிரணும். புளி மட்டும் போட்டுறாதீங்க, இது குத்துவிளக்கு இல்ல."

"தொடைச்சா அவ மனசு நோகுமேப்பா."

"அக்கா தூங்கறப்ப தொடைங்க. அதுக்கு என்னா நெனப்பா இருக்கப் போவுது?"

சொன்னவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றுமுதல் மதிய உணவுக்குப் பின் அவள் கண்ணயர்ந்ததும் நான் வாளியோடு வெளியே வருவேன். சோப்பு நீரில் நனைத்த துணியால் சந்தனத்தை ஊறவைத்து எடுப்பேன். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தோய்த்து, புள்ளிகள்மேல் மெல்லத் தேய்ப்பேன். சாம்பல் நிறச் சேறு கிளம்பும். கழுவினால் பழுப்பு போயிருக்கும். ஈரம் ஒற்றிய பின் மெழுகு பூசி, அது காய்ந்து வெளுத்ததும் பழைய வேட்டித் துணியால் துலக்குவேன். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகள் பம்பரில் வளைந்து தெரியும்.

செம்பிற் களிம்புபோல் உயிரோடு உடன்பிறந்தது ஆணவ மலம் என்னும் அழுக்கு என்று எங்கள் சமயம் சொல்லும். தேய்த்தால் மறைவது போலிருக்கும், அகலாது. கை வேலையில் இருக்க, வாய் தானாகப் பதிகத்தை முணுமுணுக்கும். நின்னை மறவாமை வேண்டும் என்று அடியார் இரந்த பாடல்கள் எனக்குப் பல தெரியும். மறக்கப்படுகிறவன் பாடுவதற்கு ஒன்று உண்டா என்று மனத்துக்குள் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

ஒரு நாள் இடி இடித்து அவள் இடையிலேயே விழித்துவிட்டாள். நான் பம்பர் முன்னே குந்தியிருந்தேன். கையிலிருந்த துணி சிவந்திருந்தது. நிமிர்ந்தபோது அவள் வாசற்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"பொட்ட ஏன் அழிக்கிறீங்க?"

துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"யாருண்ணே நீங்க? பொட்ட அழிக்கச் சொன்னாங்களா? அவருக்கு என்ன ஆச்சு?"

அவளுடைய கை தன் நெற்றிக்குப் போய், அங்கிருந்த குங்குமத்தை மூடிக்கொண்டது. கணவன் இறந்த பிறகே ஒரு பெண்ணின் பொட்டை அழிப்பார்கள் என்பது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஒண்ணும் ஆகல. நான்தான். என்னப் பாரு."

பார்த்தாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார வருபவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வெளையாடாதீங்கண்ணே. அவருக்கு முடியெல்லாம் கறுப்பு." ஓரடி முன்னே வந்தாள். "நெசத்தச் சொல்லிடுங்க. எங்க கிடத்தியிருக்காங்க?"

நான் நானே என்று சாதித்தால் அவளுக்குக் கணவன் பிணமாகிறான். நான் வேறொருவன் என்று ஒப்புக்கொண்டால் அவன் பிழைத்துக்கொள்கிறான்.

"நல்லாத்தான் இருக்காரும்மா. சிலிம் ரிவர் வரைக்கும் பஸ்ஸுல போயிருக்காரு. காடியக் கழுவி வைக்கச் சொன்னாரு, வந்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

திருநீறு பூசிய நெற்றியோடு அந்தச் சத்தியத்தைச் செய்தேன். அவள் மூச்சு திரும்பியது. உள்ளே சென்று சந்தனக் கிண்ணத்தோடு வந்து, நான் துலக்கிய இடத்திலேயே பொட்டை வைத்தாள். பிறகு என்னை நோக்கி விரலை உயர்த்தி, "இனிமே இதுல கைவைக்காதீங்க" என்றாள்.

நான் கைவைக்கவில்லை. சந்தனம் அடுக்கடுக்காக உலர்ந்து, வெடித்து, அதன் ஓரங்களில் செந்நீர் வடியத் தொடங்கியிருக்கிறது. குரோம் தோல்போல உரிகிறது. அவளுடைய தம்பி வந்து பார்த்தான். "பம்பர் போச்சு மச்சான்" என்றான். "போகட்டும்" என்றேன்.

சில காலைகளில் நான் அவள் கணவனாக இருக்கிறேன். பிற்பகல்களில் பெரும்பாலும் கார் கழுவ வந்தவன். நேற்று மழைவிட்ட பின், அண்ணனுக்கு என்று சொல்லி எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகத் தள்ளி நின்றாள்.

"இருட்டப் போவுதுண்ணே. ஒங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேடுவாங்கம்மா" என்றேன்.

கோப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, வெளிக்கதவைத் திறந்து தெருவில் இறங்கினேன். அவள் உள்ளே போனதும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தேன்.