துரைக்குப் பிடிக்காத என் துண்டு இங்கிலீஷ்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு டீ விற்கும் கடை ஒன்று உண்டு. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னை அங்கே கவுண்டரில் நிறுத்தியபோது என்னிடம் இருந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடிதான். "மில்க்?" "ஹாட்?" முடியும் என்பதற்கு "கேன், கேன்." தீர்ந்துபோனால் "பினிஷ் ஒரெடி." எங்கள் மலேசியப் பழக்கப்படி வாலில் ஒரு "லா". அதை வைத்தே வரிசையை மளமளவென்று நகர்த்திவிடுவேன்.

கோலாலம்பூரிலிருந்து மேனேஜராக வந்த புதுத் துரைக்கு அது ஆகவில்லை. "என்னம்மா, துண்டு துண்டா பேசுறீங்க? இனிமே முழுசாத்தான் பேசணும். வெள்ளிக்கிழமை நானே பக்கத்துல நின்னு கேப்பேன். சரியில்லன்னா மறுபடியும் மலைக்குத்தான்," என்றார்.

மலை என்றால் முதுகில் மூட்டை, காலில் அட்டை, தலையில் மழை. துரை சொல்லிக்கொடுத்த முழு வாக்கியங்களைச் சோறு வடிக்கும்போதுகூட மனப்பாடம் செய்தேன். வீட்டுக்காரர் "உப்பு?" என்று கேட்டதற்கு நான் இங்கிலீஷில் நீளமாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை துரை வந்து என் பக்கத்தில் நின்றார். முதலில் வந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். "குட் மார்னிங் சார், மே ஐ நோ வாட் யூ வுட் லைக் டு டிரிங்க் டுடே?" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"டீ. டூ. நோ சுகர்," என்றார் அவர்.

இங்கிலீஷுக்குச் சொந்தக்காரரே என்னைப் போலத்தான் பேசுகிறார்! துரையின் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். கவுண்டரில் இருந்த ஸ்ட்ராபெரி ஜாம் வாசத்துக்கு வந்த குளவி ஒன்று துரையின் சட்டைக் காலரில் ஊர்ந்துகொண்டிருந்தது. கத்தியிருப்பேன், ஆனால் பரீட்சை நடக்கிறதே!

"எக்ஸ்கியூஸ் மீ சார், ஐ வுட் லைக் டு இன்ஃபார்ம் யூ தட் தேர் இஸ்..."

கொட்டிவிட்டது.

"ஐயோ! கழுத்து! மருந்து! சீக்கிரம்!" என்று துரை குதித்தார்.

"இருக்குலா!" என்று என் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்து அவர் கழுத்தில் அப்பினேன். வெள்ளைக்காரர் இரண்டு டீயையும் தானே ஊற்றிக்கொண்டு போனார்.

கடை சாத்தும் நேரத்தில் துரை வெள்ளைக் கழுத்தோடு வந்து நின்றார். மலையா, கவுண்டரா என்று அவர் வாயையே பார்த்தேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாளைக்கு. கவுண்டர். கேன்?"

"கேன்லா, சார்."