மைனஸ் நாற்பதில் ஓடிய கார்

"என் கை பட்ட எடத்துல கோளாறு வராது. வந்தா அது கோளாறு இல்ல, கெரகம்!"

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில் பட்டறை வைத்திருக்கும் கார் எலக்ட்ரீஷியன் முருகையனின் திருவாக்கு இது. முதல் வாக்கியத்தைப் பெயர்ப்பலகையிலும் எழுதி வைத்தார். கிரகத்துக்குப் பலகையில் இடம் போதவில்லை.

வாக்கில் மட்டுமல்ல, பக்தியிலும் அவர் தாராளம். ஆயுத பூஜைக்கு மற்ற பட்டறைக்காரர்கள் பானெட்டுக்கு ஒரு பொட்டு வைத்து முடித்துக்கொள்வார்கள். முருகையனோ, காரில் எந்தப் பாகமும் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர்.

பூஜை முடிந்த மறுவாரம் சந்திரகலா தன் வாடகைக் காரோடு வந்து நின்றாள். ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் கார் அது. இன்ஜின் சூட்டை நொடிக்கு நொடி பதிந்து கம்பெனிக்கு அனுப்ப, தனி சென்சாரோடு ஒரு டேட்டா பெட்டியை அதில் பொருத்தியிருந்தார்கள்.

"அண்ணா, இன்ஜின் சூடு மைனஸ் நாப்பதுன்னு காட்டுதாம். சாயங்காலத்துக்குள்ள சரியாவலைன்னா நாளைலேர்ந்து வண்டி வேணாம்னுட்டாங்க."

அக்கினியே மலையாய் நிற்கும் ஊரில், தோசை வார்க்கும் பதத்தில் இருந்த இன்ஜின், இமயமலைக் குளிரில் உறைந்துகொண்டிருந்தது.

முருகையன் விசாரணை கமிஷன் அமைத்தார். முதல் குற்றவாளி சென்சார். புதிதாக ஒன்றை மாட்டினார். மைனஸ் நாற்பது.

"பெட்டி போலி சரக்கும்மா."

வேறு பெட்டியை மாட்டிப் பார்த்தார். மைனஸ் நாற்பது.

"மலைல காந்தம் ஜாஸ்தி. அது இழுக்குது."

"போன வாரமும் இதே மலைதானேண்ணா இருந்துச்சு?" என்றாள் சந்திரகலா. "சென்சாரும் புதுசு, பெட்டியும் புதுசு. நடுவுல இருக்கறது இந்த ஒயரும், ரெண்டு ஒயரையும் சேக்கற இந்தப் பிளக்கும்தான்."

"அத நான் பாக்கவே வேணாம். பூஜையன்னிக்கு நானே கழட்டித் தொடச்சு, என் கையால மாட்டுனது."

சொல்லி முடித்ததும் முருகையன் தன் மோதிர விரலைப் பார்த்தார். சந்திரகலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெதுவாகப் பிளக்கை உருவினார்.

உள்ளே, இரண்டு பின்களின் மேலும் காய்ந்து கெட்டியான சந்தனம். அதன் நடுவில், கலையாமல், குங்குமம். மோதிர விரலால் இத்தனை அழகாகப் பொட்டு வைக்க ஜில்லாவிலேயே ஒருவரால்தான் முடியும். மின்சாரம் அந்தச் சந்தனச் சுவரைத் தாண்ட முடியாமல் நின்றுவிட, ஒயரே அறுந்துபோனதாக நினைத்த பெட்டி, தனக்குத் தெரிந்த கடைசிக் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிரஷ்ஷால் தேய்த்தார், ஊதினார், மாட்டினார். எண்பத்தெட்டு டிகிரி.

சந்திரகலா எட்டிப் பார்த்தாள். பிரஷ் முனையெல்லாம் மஞ்சளும் சிவப்பும்.

"கெரகமாண்ணா?"

"நீ கெளம்பும்மா, டைம் ஆவுது."

வாயைப் பொத்திக்கொண்டே அவள் வண்டியை எடுத்தாள். கார் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, முருகையன் போனை எடுத்தார். பூஜைக்கு வந்துபோன வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். குரல் மட்டும், பெயர்ப்பலகைக்குக் கேட்காத அளவில் இருந்தது.

"ஒண்ணும் இல்லங்க, வண்டி நல்லாத்தான் இருக்கும். சும்மா ஒருவாட்டி எட்டிப் பாத்துட்டுப் போங்க... என் கை எங்கெங்க பட்டிருக்குன்னு பாத்துடறேன்."