லிஃப்டில் கேட்டது

எல்லோரும் உள்ளே வந்து உட்காரும் வரை அவர் கதவருகிலேயே நிற்பார். முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும், இடது கை கதவைப் பிடித்திருக்கும். யாராவது மூச்சு வாங்கப் படியேறி வரும் சத்தம் கேட்டால், "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பார். கடைசி ஆள் நுழைந்ததும் வராந்தாவை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார். அது விட்டுவிட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு. அவருக்கும் அது தெரியும்.

சமூகக் கூடத்தின் மாடியில் முதியவர்களுக்கென்று நடக்கும் வகுப்புகளில் அவர் போகாத வகுப்பு இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் ஒவ்வொரு அறை வாசலிலும் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். "சமையக்கட்டுக்குப் போனா அங்க நிக்கிறீங்க, துணி எடுக்கப் போனா இங்க நிக்கிறீங்க. நான் எந்த மாடிக்குப் போறது?" என்று கேட்டு, அவர் மனைவிதான் சட்டையை மாட்டிவிட்டு இங்கே அனுப்பிவைத்தார்.

கம்ப்யூட்டர் வகுப்பில் விசைகளை ஒவ்வொன்றாக, அழுத்தமாக அழுத்தி, ஏதாவது நகர்கிறதா என்று காத்திருப்பார். படம் வரையும் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்து கம்பிக் கதவு ஒன்றை வரைந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சியில், சொல்லித்தரும் பெண் "கை மேலே... கீழே... மேலே..." என்று சொல்லும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, பழைய ஞாபகம்" என்பார்.

ஆனால் அவர் தவறவே விடாத வகுப்பு வியாழக்கிழமை வகுப்பு. அதற்குப் பெயர் நினைவு வகுப்பு. கீழே இருக்கும் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் நடத்துகிறார். எழுத வேண்டாம், படிக்க வேண்டாம். வாழ்க்கையில் நடந்த ஏதாவது ஒன்றை ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். ரொட்டிக்கடை வைத்திருந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரால் மூன்று நிமிடத்துக்கு மேல் வாயை மூடியிருக்க முடியாது. லிஃப்ட்காரருக்கோ அதுதான் சுலபம். அவர் முறை வரும்போதெல்லாம், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் கேக்குறேன்" என்று அடுத்தவரைக் காட்டிவிடுவார்.

கேட்பதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுப்பார். புதிதாக வந்தவர்கள் மரியாதை தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வதுண்டு. "மூஞ்சியப் பாத்தா பாதிதான் கேக்கும்" என்பார் அவர். அத்தனை வருடமும் லிஃப்டை ஓட்டும் கைப்பிடியைப் பார்த்து நின்றவர் அவர். ஆட்கள் அவருக்கு முதுகுப்பக்கம் ஏறிய குரல்கள்தான்.

அந்த லிஃப்டைப் பற்றிச் சொல்லச் சொன்னால் மட்டும் கொஞ்சம் பேசுவார். இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு. மழைக்காலத்தில் எண்ணெய் விட்டால்தான் நகரும். பித்தளைக் கைப்பிடி, காலையில் வந்ததும் அதைத் துடைத்து மினுக்குவது முதல் வேலை. தளத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்துவது கையில்தான் இருந்தது. ஒரு விரல்கடை மேலே நின்றாலும் ஸ்ட்ரெச்சர் சக்கரம் தட்டும், படுத்திருப்பவருக்கு வலிக்கும். "கண்ண மூடிக்கிட்டு நிறுத்துவேன். பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்குக்கூட நின்னது தெரியாது" என்று சொல்லும்போது வலது கை தானாகக் காற்றில் எதையோ பிடித்து மெல்லத் திருப்பும். பிறகு பொத்தான் வைத்த லிஃப்ட் வந்தது. அவரை வாசலில் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பொத்தானைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் தவறாகச் சொன்னதில்லை. அதில் ஏறியதும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளில், அவருக்குக் கைப்பிடியைக் கொடுத்த மூத்த லிஃப்ட்காரர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "லிஃப்ட்ல கேட்டது லிஃப்டோட. வெளிய கொண்டுபோகாத." இவர் அதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் மனைவி ஒவ்வொரு சாயங்காலமும் ஆசையாகக் கேட்பார், இன்றைக்கு என்ன நடந்தது என்று. "ஏறினாங்க, இறங்கினாங்க" என்பார் இவர். அந்த அம்மாள் சில வருடங்கள் கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. டைப் டீச்சரின் முறை. தட்டச்சுப் பள்ளி நடத்தி ஊரில் பாதிப் பேரை வேலைக்கு அனுப்பியவர். மெலிந்த உடம்பு, பேசும்போது மடியில் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பேசுவது ஒன்று, விரல் அடிப்பது வேறொன்று என்று ரொட்டிக்கடைக்காரர் கிண்டல் செய்வார். வழக்கமாகத் தன் மாணவர்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைக்கிறவர், அன்று கணவரைப் பற்றிச் சொன்னார்.

"காலையில நெஞ்சு வலின்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். உடனே ஆபரேஷன் பண்ணணும், அஞ்சாவது மாடின்னாங்க. லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சருக்குத்தான் இடம் இருந்துச்சு. நீங்க படியில வாங்கன்னாங்க. படி கட்டடத்தோட அந்தக் கோடியில. நான் போய்ச் சேர்றதுக்குள்ள உள்ள கொண்டுபோய்ட்டாங்க. அப்புறம் அவர் வெளிய வரவே இல்ல. ஒரு நர்ஸ் வந்து மூக்குக்கண்ணாடிய மட்டும் கையில கொடுத்தாங்க. கையிலேயே புடிச்சிட்டிருந்தாராம், யாருகிட்டயும் கொடுக்க மாட்டேன்னுட்டாராம்." விரல்கள் மடியில் எதையோ அடித்தன. "இத்தனை வருஷம் ஆச்சு. எனக்கு வேற ஒண்ணும் இல்ல. கடைசியா ஒரு வார்த்தை பேசிக்கலையேன்னுதான்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் திரும்பி அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவர் யாருக்காகவும் கதவைப் பிடிக்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

வீட்டில் நான்கு நாள் பேச்சே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், தூங்கச் சொன்னால் படுத்தார். ஐந்தாம் நாள் காலையில், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "இந்தா, ஒண்ணு கேக்கணும்" என்றார். சொல்ல ஆரம்பித்தவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர், கண்ணாடி, ஐந்தாவது மாடி என்று முன்னும் பின்னுமாகச் சொன்னார். டைப் டீச்சரின் கணவர் லிஃப்டில் தன்னிடம் பேசியதைச் சொன்னார். அந்த அம்மாளிடம் சொல்லச் சொன்னதையும், தானும் சொல்கிறேன் என்று தலையாட்டியதையும் சொன்னார்.

மனைவி மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"கதவத் திறந்து புடிச்சிட்டு நின்னேன். அந்தம்மா வரல. கீழ பிரசவ கேஸ் ஒண்ணு, மணி அடிச்சிட்டே இருக்காங்க. எறங்கினேன். அதை ஏத்திட்டுத் திரும்ப வந்தா வராந்தாவுல யாரும் இல்ல. அந்தம்மா யாரு, எப்படி இருப்பாங்க, ஒண்ணும் தெரியாது. இப்பதான் தெரியுது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"லிஃப்ட்ல கேட்டது."

"அது சரி." மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறினாங்க, இறங்கினாங்கன்னு எனக்கே வாயத் தொறக்காத ஆளு நீங்க. ஆனா இது நீங்க ஒட்டுக்கேட்டது இல்லையே. அந்த மனுஷன் உங்க கையில கொடுத்தனுப்பினது. அது உங்க பொருள் இல்ல, அவங்களோடது. கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க."

"கேட்டு அந்தம்மா உடைஞ்சு போயிட்டா?"

"இத்தனை வருஷம் ஒண்ணுமே கேக்காம இருந்தாங்களே, அதுக்கு உடையாதவங்களா?"

அடுத்த வியாழக்கிழமை அவர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். வழக்கம்போல் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார். நூலகப் பெண், "இன்னைக்கு யாரு?" என்று கேட்டதும், சுவரோரமாக நின்றபடியே கையைத் தூக்கினார். அவர் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. ரொட்டிக்கடைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

"கதை இல்லீங்க" என்றார். "ஒரு சேதி. என்னோடது இல்ல, வேற ஒருத்தரோடது. டீச்சரம்மா, உங்களுக்குத்தான். தனியா சொல்லணும்னாலும் சொல்றேன்."

டைப் டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "இங்கயே சொல்லுங்க" என்றார்.

"உங்க வீட்டுக்காரரை மேல ஏத்திட்டுப் போன லிஃப்ட்ல நான்தான் இருந்தேன்."

மடியில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

அவர் மெதுவாகச் சொன்னார். அன்றைக்குக் கரண்ட் சரியில்லை, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. கூட இருந்த ஊழியர் பதறிப்போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். படுத்திருந்தவர்தான் பதறவில்லை. கண்ணாடியை நெஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊழியர் வாங்கிவைக்கப் பார்த்தபோது, "இருக்கட்டும்ப்பா, முழிச்சதும் தேடணும்" என்றார். பிறகு லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார்.

"'என் வீட்டுக்காரி படியில வர்றா'ன்னார். 'நீங்க பாத்தீங்கன்னா சொல்லுங்க. ஓடி வருவா, எனக்குத் தெரியும். ஓட வேணாம்னு சொல்லுங்க. முட்டி சரியில்ல அவளுக்கு. ஓடி வந்தாலும் மெதுவா வந்தாலும் நான் அங்கதானே இருக்கப் போறேன்.' சொல்றேன் சார்னு சொன்னேன். அப்புறம் கரண்ட் வந்துடுச்சு. கொண்டுபோய் நிறுத்தினேன். சக்கரம் தட்டாம நிறுத்தினேன்ம்மா."

நூலகப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். டைப் டீச்சர் வேண்டாம் என்று கை காட்டினார்.

"ஓடித்தான் வந்தேன்" என்றார் அவர். "மூணாவது மாடியில செருப்பு கழண்டுச்சு. எடுக்கக்கூட நிக்கல."

பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படிச் சொன்னார்? கோபமாவா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தக் குரலைத் தேடி எடுப்பவர்போல் காதைச் சாய்த்தார். "இல்லீங்க. சிரிப்பா. சொன்னா கேக்க மாட்டாள்னு குறை சொல்ற மாதிரிதான் ஆரம்பிச்சார். பேசப்பேச அது பெருமையாப் போயிடுச்சு."

"அவருதான்" என்றார் டைப் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வகுப்பைச் சுற்றிப் பார்த்தார், எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவதுபோல. "அவர் அப்படித்தான் பேசுவார்." பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கியவராக, "இன்னொரு தடவ சொல்லுங்களேன்" என்றார்.

லிஃப்ட்காரர் இன்னொரு தடவை சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, புடவையின் மேலாகவே தன் முழங்காலை உள்ளங்கையால் தடவிக்கொண்டு கேட்டார்.

வகுப்பு முடிந்து வெளிப்படியில் இறங்கும்போது டைப் டீச்சருக்கும் லிஃப்ட்காரருக்கும் ரொட்டிக்கடைக்காரர் குடை பிடித்தார். மூன்று பேரும் படிக்கட்டில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் இருந்தார். நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே வந்தார்.

"கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அதையும் சொன்னார். இந்தத் தடவை முன்பின் குழம்பாமல் வந்தது. சொல்லி முடித்தும் அவர் அங்கிருந்து போகவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"ஒருத்தர் இருந்தார். குழந்தை பொறந்திருக்குன்னு கேட்டுட்டு, உள்ள போய்ப் பொண்டாட்டியப் பாக்கக் கூச்சம். காலையில ஏறினவர். ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது மாடி வரும், கதவத் திறப்பேன், 'இன்னொரு சுத்து போவோம்ண்ணே'ம்பார்..."

அவர் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.