இரண்டு அங்குலம் குட்டை

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். ஆனால் அலாவுதீன் ராவுத்தர் சொன்ன தேதியும் மணியும் இங்கே ஒரு நிமிஷம்கூட மாற்றப்படவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய பண்டகசாலைகளுக்குப் பின்னால், ஒரு சந்தில் அவருடைய ஜீப் பட்டறை இருந்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். வயது முப்பத்தெட்டு. ராவுத்தர் கை பட்ட வண்டி நடுவழியில் நிற்காது என்று மலைத்தோட்டக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

1979 மே 26, சனிக்கிழமை. சிவசங்கரன் ஜீப்போடு வந்தார். அடிமாலிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் டிரைவர். வீடு இங்கே பக்கத்தில், பள்ளுருத்தியில். நல்ல கனத்த உடம்பு. மழைக்காலத்தில் வண்டி சேற்றில் புதைகிறது, பெரிய டயர் போட்டுக் கொடுங்கள் என்றார்.

பெரிய டயர் போட்டால் மட்கார்டில் உரசும். அதனால் ஸ்பிரிங்கைத் தாங்கும் சாக்கிள் என்ற இரும்புப் பட்டையை நீளமானதாக மாட்டி வண்டியை உயர்த்தவேண்டும். உயர்த்திய வண்டிக்கு ஷாக் அப்சார்பரும் நீளமாக வேண்டும். பழையதையே மாட்டினால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அது எட்டாமல் இழுபடும். என்றைக்காவது அதன் முனை வளையம் முறியும். முறிந்து தொங்கினால், பக்கத்தில் போகும் பிரேக் குழாயை அறுத்துவிடும்.

இதெல்லாம் ராவுத்தருக்கு நன்றாகத் தெரியும். நீளமான ஷாக் கோயமுத்தூரிலிருந்து வர நாலு நாள் ஆகும். மறுநாள் பாலக்காட்டில் தங்கை ரபியாவின் நிக்காஹ். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இதே வேலைக்காகக் காலையிலேயே இன்னொரு ஜீப்பும் வந்து நின்றது. அடிமாலியில் ஆள் ஏற்றி ட்ரிப் அடிக்கும் வெங்கிட்டுவின் வண்டி. இரண்டிலும் பழைய ஷாக்கையே மாட்டினார். இரண்டு அங்குலம் குட்டை.

சிவசங்கரன் குனிந்து பார்த்தார்.

"இது எட்டுமா ராவுத்தரே?"

"எட்டும்."

"மலையாக்கும். அதான் கேட்டேன்."

"எட்டும்னு சொன்னேனில்லே. போயிட்டு வாங்க சேட்டா."

பதிமூன்றாம் நாள் அந்த ஜீப் அடிமாலிக்கு மேல் ஒரு வளைவில் பள்ளத்தில் விழுந்தது. சிவசங்கரன் மட்டும்தான் வண்டியில் இருந்தார், அங்கேயே இறந்துபோனார். மழை என்றார்கள், சேறு என்றார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ராவுத்தர் துக்கத்துக்குப் போகவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தார். வெங்கிட்டுவின் ஜீப் அதே குட்டை ஷாக்கோடு, பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, தினமும் அதே வளைவில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கடிதம் போட்டால் தீர்ந்தது. இன்லண்ட் லெட்டர் வாங்கினார். வெங்கிட்டுவின் பெயரை எழுதினார். அடுத்த வரியை எழுதினால் முதல் வண்டிக்கும் பதில் சொல்லவேண்டும். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முப்பத்துமூன்று நாள், சட்டைக்குச் சட்டை மாறி, அது பையிலேயே இருந்தது.

ஜூலை 11, புதன்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. பிற்பகல் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ராவுத்தர் தனியாக இருந்தார். பட்டறையில் ஒரு காண்டிராக்டரின் ஜீப். இதற்கும் பெரிய டயர்தான். ஆனால் இந்த முறை நாலு நாள் காத்திருந்து நீளமான ஷாக் வாங்கியிருந்தார். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று ஒரு எண்ணம்.

மணி 3.20. ஜாக்கியை இறக்கினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளந்தார். இடது பக்கம் ஆறே முக்கால் அங்குலம். வலது பக்கமும் ஆறே முக்கால். சாக்பீஸால் எழுதிவைத்தார்.

ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினார். வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது.

அளந்தார். ஆறு.

டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

3.31. மறுபடி அளந்தார். ஐந்தே கால்.

க்ரீச்...

ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் சத்தம். கனத்த ஆள் ஏறி உட்கார்ந்தால் வருவது. டிரைவர் சீட்டைப் பார்த்தார். யாருமில்லை. சீட்டின் ரெக்சின் மட்டும் நடுவில் குழிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் குழிந்தது.

சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூரை ஒழுகவில்லை. தண்ணீர் செம்மண் நிறம். மட்டாஞ்சேரியில் ஏது செம்மண்...

3.38. வண்டிக்கு அடியில் ஒரு சத்தம்.

டக்.

ஷாக் எட்டாமல் இழுபடும் சத்தம். நீளமான ஷாக்கில் அது வராது.

டக்... டக்...

நிற்கிற வண்டியில்.

வாசல் பக்கம் திரும்பினார்.

காதோரம் ஈரக் காற்று.

"எட்டுமா ராவுத்தரே?"

மணி 3.40.

"எட்டுமா?"

"எட்டாது." குரல் அவருடையது போலவே இல்லை. "எட்டாது சேட்டா. எனக்கு அன்னிக்கே தெரியும்."

க்ரீச்...

வண்டி மெல்ல மேலே எழுந்தது.

ஆறே முக்கால்.

ராவுத்தர் மழையிலேயே தந்தி ஆபீசுக்கு ஓடினார். 4.10-க்கு வெங்கிட்டுவுக்குத் தந்தி கொடுத்தார். வண்டியை எடுக்காதே, ஷாக் குட்டை. அங்கிருந்து பஸ் பிடித்துப் பள்ளுருத்தி போனார். சிவசங்கரனின் மனைவி கங்காவிடம், மே மாதம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

கங்கா அழவில்லை.

"வண்டியிலே என்னமோ சத்தம் வருதுன்னு அவரே சொன்னார். காட்டிட்டுப் போங்கன்னேன். ராவுத்தர் எட்டும்னுட்டார், அவர் பொய் சொல்ல மாட்டார்னார். அதனாலதான் நான் போக விட்டேன்."

பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வெகுநேரம் வெளியே நின்றார். கதவு திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை 9.15-க்கு வெங்கிட்டு பட்டறைக்கு வந்தார். கையில், காகிதத்தில் சுற்றிய பழைய ஷாக்.

"உங்க தந்தி வியாழக்கிழமைதான் கிடைச்சுது. ஆனா அதுக்கு முன்னாடியே ஆள் அனுப்பிட்டேளே. நல்ல காரியம் பண்ணினேள்."

"நான் யாரையும் அனுப்பலை."

"அனுப்பலையா? புதன்கிழமை மூணே முக்கால் இருக்கும். பதினொரு பேர் ஏறி உக்காந்தாச்சு. சாவியைத் திருப்பறேன், ஒருத்தர் வந்து கையைப் பிடிச்சார். வண்டியை எடுக்க வேண்டாம்னு நீங்க சொன்னதாச் சொன்னார், அடியிலே பாருங்கோன்னார். ஜாக்கி போட்டுப் பார்த்தா..." வெங்கிட்டு காகிதத்தைப் பிரித்தார். முனை வளையம் முக்கால்வாசி அறுந்திருந்தது.

ராவுத்தர் அந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்படி இருந்தார் அந்த ஆள்?"

"கனத்த உடம்பு. தொப்பலா நனைஞ்சிருந்தார், தலையிலே சாக்கைப் போட்டிருந்ததாலே முகம் சரியாத் தெரியலை. ஒரு சாயா குடிச்சுட்டுப் போங்கோன்னேன், வேண்டாம்னுட்டார். அன்னிக்குக் காலம்பறவே கீழே ரோடு இடிஞ்சு பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு. கொச்சியிலேர்ந்து எப்படி வந்தேள்னு கேட்டேன். கொச்சியிலேர்ந்து வரலை, இங்கேதான் இருக்கேன், மேலே வளைவுக்குக் கீழேன்னார்."

வெங்கிட்டு குரலைத் தாழ்த்தினார்.

"அங்கே வீடு ஒண்ணும் கிடையாது, ராவுத்தரே. பள்ளத்திலே ஒரு ஜீப் மட்டும்தான் கிடக்கு."